மடத்துப் பொருளாளர் தோம் பெரிஞோன் (1638 – 1715)



கார்ப் பந்தயத்திலோ கிரிக்கெட் போட்டியிலோ வென்றவர்கள் மேடையில் நின்று ஒரு பெரிய பாட்டிலைக் குலுக்கித் திறந்து, நுரையை ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சி அடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். நுரைத்துப் பொங்கும் அந்த வெள்ளைத் திராட்சை இரசத்துக்கு ஷாம்பேன் என்று பெயர். அது பிரான்சு நாட்டின் வடகிழக்கே உள்ள ஒரு பகுதியின் பெயர். நம் ஊர்ச் சேலையை ஆரணிப் பட்டு என்று ஊரின் பெயரால் அழைப்பது போலவே, அங்கே விளையும் இரசத்தையும் மண்ணின் பெயரால் அழைக்கிறார்கள்.

இந்த இரசத்தைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்ற கத்தோலிக்கத் துறவி என்று உலகெங்கும் சொல்கிறார்கள். அவர் கண்பார்வை அற்றவர் என்றும், நுரைக்கும் இரசத்தை முதன்முதலில் சுவைத்த அன்று, தாம் விண்மீன்களையே பருகுவதாகச் சொல்லி மற்றத் துறவிகளைக் கூவி அழைத்தார் என்றும் கதை போகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் அதில் அவர் துறவி என்பதைத் தவிர மற்றதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. நுரையை அவர் கண்டுபிடிக்கவில்லை. நுரை வராமல் தடுக்கத்தான் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். விண்மீன் பேச்சோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஒரு விளம்பரத்தின் கைவேலை.

அப்படியானால் அவரைப் பற்றி இறைமக்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது என்று நினைக்கிறோம். விளம்பரத்தில் வரும் துறவியை விட, உண்மையில் வாழ்ந்த துறவிதான் நமக்கு அதிகம் வேண்டியவர்.

பியேர் பெரிஞோன் 1638-ஆம் ஆண்டின் இறுதியில் ஷாம்பேன் பகுதியில் சேந்த்மெனூ என்னும் சிற்றூரில் பிறந்து, 1639 சனவரி 5 அன்று திருமுழுக்குப் பெற்றார். ஏழு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. தந்தை உள்ளூர் அதிகாரியிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். தந்தை வழிக் குடும்பத்துக்குச் சில திராட்சைத் தோட்டங்கள் சொந்தமாக இருந்தன. குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தாய் இறந்துபோனார். அந்த 1638-ஆம் ஆண்டில்தான் பிரான்சின் புகழ்பெற்ற அரசர் 14-ஆம் லூயியும் பிறந்தார். இருவரும் இறந்தது 1715 செப்டம்பரில். ஒருவர் வெர்சாய் அரண்மனையைக் கட்டினார். மற்றவர் ஒரு மடத்தின் கணக்கை எழுதினார்.

சிறுவயதில் அருகிலிருந்த பெனடிக்ட் சபை மடத்தின் பாடகர் பள்ளியில் படித்தார். 13 வயதில் ஷாலோன் நகரிலிருந்த இயேசு சபைப் பள்ளிக்குப் போனார். 17 வயதில், வெர்தன் நகரிலிருந்த புனித வான் மடத்தில் பெனடிக்ட் சபைத் துறவியாகச் சேர்ந்தார். தளர்ந்து போயிருந்த துறவு ஒழுங்கைப் பழைய கண்டிப்புக்குத் திருப்ப எழுந்த சீர்திருத்த இயக்கத்தின் தலைமை மடம் அது. செபம், படிப்பு, கைவேலை ஆகிய மூன்றையும் விட்டுவிடாமல் நாள் ஓட வேண்டும். தோம் என்பது அச்சபைத் துறவிகளின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல். நாம் தந்தை என்று சொல்வது போல.

1668-இல், இன்னும் முப்பது வயது ஆகாத இவர், ஓவில்லே என்ற ஊரின் மடத்துக்கு அனுப்பப்பட்டார். மார்ன் ஆற்றைப் பார்த்தபடி மலைச்சரிவில் இருக்கும் ஊர் அது. 7-ஆம் நூற்றாண்டில் ரைம்ஸ் நகர ஆயர் புனித நிவார் நிறுவிய மடம். கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாயான புனித எலேனாவின் திருப்பண்டம் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருந்ததால் திருப்பயணிகளும் வந்து போனார்கள். ஆனால் அந்நூற்றாண்டின் போர்களில் ஷாம்பேன் பகுதி மிகவும் சீரழிந்திருந்தது. அங்கே பெரிஞோனுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு மடத்தின் பொருளாளர் பணி. உக்கிராண அறை, நிலபுலன், வரவு செலவு, கூலியாட்கள், விருந்தினர், வாசலுக்கு வரும் ஏழைகள், திராட்சை இரசக் கிடங்கு என எல்லாம் அவர் தலையில். சாகும்வரை 47 ஆண்டுகள் அதே மடத்தில் அதே பொறுப்பில் இருந்தார்.

புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூலின் 31-ஆம் அதிகாரம் இந்தப் பொருளாளரைப் பற்றியது. மடத்தின் கருவிகளையும் பொருள்களையும் பீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலவே அவர் கருத வேண்டும் என்று அதில் புனிதர் கேட்கிறார். குருமடத்தில் படிக்கும்போது இந்த அதிகாரத்தை நிர்வாக விதி என்று விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். பங்குப் பணிக்கு வந்து, கூரை ஒழுகுவதையும் மின்கட்டணம் கட்டுவதையும் பார்க்கத் தொடங்கிய பிறகே அதன் எடை தெரிகிறது. மண்வெட்டியும் கிண்ணமும் இரசப் பீப்பாயும் திருக்கிண்ணத்துக்குச் சமம் என்பது எளிதில் கடைப்பிடிக்கக்கூடிய பேச்சு அல்ல. பெரிஞோன் அதை எப்படிக் கடைப்பிடித்தார் என்பதைத் திராட்சைத் தோட்டத்தில் பார்க்கலாம்.

மடத்துக்கு இரசம் வேண்டியிருந்தது. திருப்பலிக்கு அது இன்றியமையாதது. குருக்கள் போன இடமெல்லாம் திராட்சைக் கொடியும் போனதற்குக் காரணம் அதுதான். நம் தமிழகத்துப் பன்னீர் திராட்சையையும் 1832-இல் பிரெஞ்சு குரு ஒருவர்தான் கொண்டு வந்தார் என்பர். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓவில்லே மடத்தில் திருப்பலித் தேவைக்கு மேல் விளைந்ததை விற்றுத்தான் குடும்பம் நடந்தது.

ஷாம்பேன் குளிர் பிரதேசம். இலையுதிர் காலத்தில் பழத்தைப் பறித்துப் பிழிந்து வைத்தால் சாறு புளிக்கத் தொடங்கும். அதற்குள் குளிர் வந்துவிடும். குளிரில் நொதி தூங்கிவிடும். சாற்றில் சர்க்கரை மிச்சம் இருக்கும். வசந்தத்தில் வெயில் பட்டதும் நொதி விழித்துக்கொண்டு மறுபடியும் வேலையைத் தொடங்கும். அப்போது உண்டாகும் வாயு மூடிய பாட்டிலுக்குள் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு நிற்கும். அன்றைய பிரெஞ்சுக் கண்ணாடி மெல்லியது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். பிற்காலத்தில்கூட இரசக் கிடங்குக்குள் இரும்பு முகமூடி அணிந்துதான் தொழிலாளர்கள் நுழைந்தார்கள். பொருளாளரின் கணக்கில் நுரை என்பது நட்டம். அதனால் பெரிஞோன் அதை விரும்பவில்லை. நுரையை விரும்பியவர்கள் ஆங்கிலேயர்கள். நிலக்கரி உலையில் செய்த அவர்களுடைய கண்ணாடி தடிமனாகவும் வலுவாகவும் இருந்தது. இரசத்தில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கும் முறையை கிறிஸ்டோபர் மெரட் என்பவர் 1662-லேயே இலண்டன் அறிவியல் கழகத்தில் விவரித்திருக்கிறார். பெரிஞோன் ஓவில்லேவுக்கு வந்ததே அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

அவருடைய உண்மையான வேலை கொடியிலும் கூடையிலும் இருந்தது. கொடியை உயர விடாமல் குட்டையாக வெட்டச் செய்தார். பழம் குறைவாகக் காய்த்தாலும் நன்றாகக் காய்க்கட்டும் என்பது அவர் கணக்கு. வெயில் ஏறுமுன் குளிர்ந்த காலையில் பறிக்க வேண்டும். நசுங்கிய பழம், பிளந்த பழம் எதுவும் கூடைக்குள் போகக் கூடாது. சுமப்பதற்குக் குதிரை வேண்டாம், கழுதையோ கோவேறு கழுதையோ போதும். குதிரை மிரண்டால் பழம் அடிபடும். காலால் மிதிக்காமல், செக்கில் மென்மையாக, விரைவாகப் பிழிய வேண்டும். கறுப்புத் திராட்சையின் தோல் நிறம் சாற்றில் இறங்குமுன் பிழிந்துவிட்டால் வெள்ளை இரசம் கிடைக்கும். வெள்ளைத் திராட்சையின் சாறு வசந்தத்தில் அதிகம் நுரைக்கும் என்பதால் கறுப்புத் திராட்சையையே அவர் விரும்பினார். இந்த முறைகளையெல்லாம் அவர் இறந்து மூன்று ஆண்டுகளில், 1718-இல், ரைம்ஸ் நகரத்துக் குரு ஒருவர் எழுதியதாகக் கருதப்படும் ஒரு சிறு நூல் பதிவு செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் பேர் வாங்கியது கலப்பதில். மடத்தின் சொந்தத் தோட்டங்களோடு, சுற்றுக் கிராமங்களின் சிறு விவசாயிகள் தசமபாகமாகக் கொண்டுவந்து கொடுத்த பழமும் சேரும். ஒரு சரிவின் பழம் புளிக்கும், இன்னொன்று மணக்கும், மற்றொன்று இனிக்கும். எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்காமல், இரவு முழுவதும் சன்னலில் வைத்திருந்த பழத்தைக் காலையில் வெறும் வயிற்றோடு சுவைத்துப் பார்த்து, எதனோடு எதை எந்த அளவில் சேர்ப்பது என்று பிழிவதற்கு முன்பே முடிவு செய்வாராம். கண் தெரியாதவர் என்ற கதை இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். தறிக்காரர்களுக்கு இது விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்திக்கு ஒரு நிறம் என்று நூலைத் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். சேர்ந்தால் என்னவாகும் என்பது பாவு ஏற்றும் முன்பே மனத்தில் தெரிய வேண்டும். பழகிய நெசவாளர் பட்டு இழையை விரலால் தொட்டே தரம் சொல்லிவிடுவார். அதற்குக் கண் தெரியாமல் இருக்கத் தேவையில்லை.

இப்படி 47 அறுவடைகள். மடத்தின் திராட்சைத் தோட்டங்கள் அவர் காலத்தில் இரு மடங்காயின. ஓவில்லே இரசத்துக்கு மற்றவற்றை விட நல்ல விலை கிடைத்தது. இடையில் 1693-94-இல் பிரான்சில் கொடிய பஞ்சம் வந்து மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். 1709-இல் வந்த கடுங்குளிரில் பயிர்களும் பழமரங்களும் கொடிகளும் நாடெங்கும் கருகின. அப்போது பெரிஞோனுக்கு வயது 70. அந்த ஆண்டுகளில் ஒரு மடத்தின் கதவு தட்டப்படும் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். கதவைத் திறப்பதா, எவ்வளவு கொடுப்பது என்று பார்க்க வேண்டியவர் பொருளாளர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மது விற்ற துறவியைப் பங்குச் சாமியார் புகழ்ந்து எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில், அந்தக் கூலி வீடு வந்து சேராத குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. பதினைந்து நாள் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து நெய்த உழைப்பு ஒரே மாலையில் கடையில் கரைந்துவிடும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். அந்த வீட்டுப் பெண்கள் பங்கு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து அழுவதை நாம் பார்க்கிறோம். அவர்களிடம் போய் கானாவூரில் ஆண்டவர் தண்ணீரை இரசமாக்கினாரே என்று பேச யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

புனித பெனடிக்ட் தம் ஒழுங்கின் 40-ஆம் அதிகாரத்தில் துறவிகளுக்கு நாளொன்றுக்குச் சிறு அளவு இரசத்தை அனுமதிக்கிறார். அதையும் தயக்கத்தோடுதான் அனுமதிக்கிறார். அறவே விலக்க இறைவனிடம் வரம் பெற்றவர்கள் விலக்கட்டும் என்பதே அவர் விருப்பம். குடிநோய் குருக்களையும் விடுவதில்லை என்பது திருச்சபைக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு குரு ஆயரின் அனுமதியோடு, புளித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தலாம் என்று 2003-ஆம் ஆண்டு சூலை மாதம் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் உலக ஆயர்களுக்கு எழுதியது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கர். பீடத்தில் வைக்கும் பொருளைப் பற்றியே இவ்வளவு எச்சரிக்கை என்றால், கடையில் வாங்கும் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பதற்கு பெரிஞோனைச் சாக்காகக் காட்டுபவருக்கு, அவர் ஒவ்வொரு பழத்தையும் எண்ணிப் பார்த்துக் கூடைக்குள் விட்ட மனிதர் என்பதை மட்டும் நினைவூட்டுவோம்.

பெரிஞோனுக்குத் தியெரி ருய்னார் என்ற துறவி நண்பராக இருந்தார். அதே சபை, ஆனால் பாரீசு மடத்தின் அறிஞர். மறைசாட்சிகளைப் பற்றி உலவிய வரலாறுகளில் நம்பத்தக்கவை எவை, பின்னால் இட்டுக்கட்டியவை எவை என்று சலித்துப் பிரித்து 1689-இல் ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டவர். இறையியல் படித்தவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். பொய்யான புகழ் புனிதர்களுக்குத் தேவையில்லை என்பது அவருடைய நிலை. அன்று அது பலருக்குக் கசந்தது. இன்றும் சிலருக்குக் கசக்கலாம். 1709-இல் ஓவில்லேவுக்கு வந்திருந்தபோது அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இப்படிப்பட்டவரின் நண்பருக்குத்தான் பிற்காலத்தில் ஒரு பெரும் பொய்ப்புகழ் வந்து சேர்ந்தது.

அது வந்த வழி இது. பெரிஞோன் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1728-இல், இரசத்தைப் பாட்டிலில் அனுப்பலாம் என்று பிரெஞ்சு அரசர் அனுமதித்தார். அதுவரை பீப்பாய்தான். மறு ஆண்டே ருய்னார் துறவியின் உறவினர் ஒருவர் நுரைக்கும் இரசத்துக்கென வணிகம் தொடங்கினார். நுரை நட்டம் என்றிருந்த நிலை மாறி, நுரைக்கே விலை கூடியது. பின்பு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1789 ஆகஸ்டில் தசமபாகம் ஒழிக்கப்பட்டது. 1790-இல் மடங்கள் கலைக்கப்பட்டன. ஓவில்லே மடத்தின் கடைசிப் பொருளாளர் குரோசார் என்பவர், புனித எலேனாவின் திருப்பண்டத்தை அழியாமல் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். இன்று அது பாரீசில் ஓர் ஆலயத்தில் இருக்கிறது. அதே குரோசார் 1821-இல் பக்கத்து ஊர் அலுவலர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நுரைக்கும் வெள்ளை இரசத்தின் இரகசியத்தைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோனே என்று எழுதிவிட்டார். இடிந்துபோன தம் மடத்தின் பெருமையைக் காப்பாற்ற ஒரு முதியவர் நினைத்தது புரிகிறது. எலும்பைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் கடிதத்தை ஏற்க முடியாது. வணிகர்களோ அதை ஆவலோடு பிடித்துக்கொண்டார்கள். 1921-இல் விளைந்த திராட்சையில் செய்து 1936-இல் அவர் பெயரோடு சந்தைக்கு வந்த இரசம் இன்று உலகின் விலை உயர்ந்த பானங்களுள் ஒன்று. வறுமை வாக்குக் கொடுத்தவரின் பெயர் பணக்காரர் மேசையில் இருக்கிறது.

தசமபாகம் ஒழிந்ததைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிஞோனின் கலவைக்குள் போன பழங்களில் ஒரு பகுதி ஏழை விவசாயிகளின் கடமைப் பங்கு. கொடுத்தவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியோடு கொடுக்கவில்லை. மடம் போனபின் அவர்கள் நிலை உடனே உயர்ந்துவிடவும் இல்லை. பழத்துக்கு விலை வைப்பது பெரு வணிகர்கள் கைக்குப் போனது. 1911-இல் வணிகர்கள் வெளியூர்த் திராட்சையை வாங்கிக் கலக்கிறார்கள் என்று வெகுண்ட ஷாம்பேன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து, ஆயி என்ற ஊரில் இரசக் கிடங்குகளுக்குத் தீ வைத்தார்கள். விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விலை போவதைப் பார்த்து நிற்கும் நம் நெசவாளருக்கு அந்தக் கோபம் புதிதல்ல.

இன்று அங்கே ஏறத்தாழ 34 ஆயிரம் எக்டேர் தோட்டங்கள். அவற்றை ஏறத்தாழ 16 ஆயிரம் விவசாயிகள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சிறு குடும்பங்கள். பலர் பழத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். சிலர் மட்டும் தாத்தா நட்ட பழைய கொடிகளின் பழத்தைத் தாங்களே பிழிந்து, தங்கள் குடும்பப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். பழைய கொடி குறைவாகத்தான் காய்க்கும், ஆனால் வேர் ஆழமாகப் போயிருக்கும் என்பார்கள். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஷாம்பேன் சரிவுகளில் ஓவில்லேயும் ஒன்று.

பெரிஞோன் புனிதராகவோ அருளாளராகவோ அறிவிக்கப்பட்டவர் அல்ல. இறந்தபோது, மடாதிபதிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஓவில்லே ஊரின் பங்கு ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்த அவரது கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. இலத்தீனில் சில வரிகள். இந்த மடத்தின் பொருளாளராக 47 ஆண்டுகள் இருந்து, மடத்தின் காரியங்களைப் பெரும் பாராட்டுக்குரிய முறையில் நடத்தியவர், நற்பண்புகள் நிறைந்தவர், யாவற்றிலும் மேலாக ஏழைகள்மேல் தந்தைக்குரிய அன்பு கொண்டிருந்தவர், தம் 77-ஆம் வயதில் 1715-இல் இறந்தார் என்பது அதன் செய்தி. அவரோடு வாழ்ந்தவர்கள் வெட்டி வைத்த அந்தக் கல்லில் இரசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.